காப்பு அவிழ்க்கும் வரை

மார்ச் 6, புதன்

வகுப்புக்கு இன்று வந்தது ஐந்து பேரும் ஒரு வெள்ளாடும். கடைசிவரை இருந்தது ஆடு மட்டும்தான்.

செவல்கரையில் பாதிச் சனத்துக்குக் கரி மூட்டம்தான் சோறு. கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே கங்கைப் போட்டால் ஒரு வாரத்துக்குப் புகையும். நாற்பது தாண்டி இருமாத ஆளை இந்த ஊரில் தேடித்தான் பார்க்க வேண்டும். இப்படி நுரையீரல் கெட்டுப்போனவர்களுக்குப் புதன்தோறும் சமுதாயக் கூடத்தில் மூச்சு வகுப்பு எடுக்கச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ரெஹானா என் தலையில் கட்டி ஏழு மாதம் ஆகிறது. ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலர் என்று பெயர் வாங்கிக்கொண்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.

பாடம் ஒன்றும் பெரிதில்லை. உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். பஃப் என்கிற மூச்சு மருந்துக் குப்பியை நன்றாகக் குலுக்கி, தண்ணீர் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டுச் சொருகி, நிதானமாக இழுக்க வேண்டும். புகையைக் கண்டால் ஒதுங்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

சாத்தையா மாமா காதில் பீடியைச் சொருகிக்கொண்டு வந்து உட்காருகிறார். "ஊதச் சொல்ற, ஊதுறேன். இழுக்கச் சொல்ற, இழுக்குறேன். இதைத்தானத்தா நான் பீடியிலயும் செய்யுறேன்" என்கிறார். என்ன பேசினாலும் மனுசர் காலையும் மாலையும் பஃப்பைத் தவறாமல் இழுத்துவிடுகிறார். போன வருசம் படுக்கையோடு கிடந்தவர் இப்போது டீக்கடைக்கு நடந்து போகிறார். மற்ற நாலு பேரும் பாட்டிலைத் தண்ணீர் பிடிக்க வைத்திருக்கிறார்கள்.

என் வாய் பொல்லாத வாய். வெளியே பேசினால் சண்டை வரும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 8, வெள்ளி

ரேஷனில் பாமாயில் இன்றும் இல்லை. இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றதுதான் மிச்சம்.

சாயங்காலம் பூமயில் மதினிக்குப் பஃப் கொடுக்கப் போனேன். என் அண்ணன் சோணைமுத்துவின் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். கல்யாணமாகி வந்த மறுமாதமே மூட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கப் போனவள். இப்போது குழாயிலிருந்து சின்னக் குடத்தைத் தூக்கி வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறாள். ஐப்பசி மழையில் மூச்சு முட்டி, ஒன்பது நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தாள். "இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்க மாட்டாங்க. மருந்தை ஒருவேளைகூட விடக்கூடாது" என்று டாக்டரம்மா அப்போதே என்னிடம் சொல்லிவிட்டார்.

நான் போய் நின்றால்தான் இழுப்பாள்.

"இதைத் தொட்டா பழகிப்போகுமாம்ல சோதி. அப்புறம் இது இல்லாம இருக்க முடியாதாம்."

"சோறும்தான் பழகிப்போச்சு. விட்டுருவீகளா மதினி?"

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கால் மணி நேரம் ஆனது. எதற்கடா சிரிக்க வைத்தோம் என்று ஆகிவிட்டது.

மார்ச் 13, புதன்

இன்று வகுப்பில் எனக்கே நம்ப முடியாத காரியம் ஒன்று நடந்தது.

வருகிற செவ்வாய் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. காப்பு கட்டியதிலிருந்து அவிழ்க்கும் வரைக்கும் எங்கள் ஊரில் பச்சை மரம் வெட்டக்கூடாது, மூட்டம் போடக்கூடாது, வீட்டில் தாளிக்கக்கூடாது, கையில் காப்பு கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. முன்பெல்லாம் பயந்து நடந்தார்கள். இப்போது வேலிக்குள் மறைவாக ஒரு மூட்டம் போட்டுவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்தால் ஆத்தா பொறுத்துக்கொள்வாள் என்கிறார்கள்.

புகை நுரையீரலை என்ன செய்கிறது என்று படம் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, "இந்தக் காப்புக்கு விறகடுப்பு வேண்டாம், பீடி வேண்டாம், குப்பைகூடக் கொளுத்த வேண்டாம். புகையில்லாத வீட்டுக்குத்தான் ஆத்தா வருவா" என்றேன்.

கொட்டாவி நின்றுவிட்டது. சாத்தையா மாமா காதிலிருந்த பீடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அப்பிடியா சொல்றாக?" என்று மதினி கேட்டாள்.

"அப்பிடித்தான் சொல்றாக" என்றேன்.

யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஏழு மாதமாக நுரையீரல் என்றேன், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. ஆத்தா என்றேன், ஏறிவிட்டது. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பது சரிதான்.

மார்ச் 19, செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று. தாளிக்காத ரசம். நாக்கு செத்துவிட்டது.

மார்ச் 23, சனி

காலையில் கதவைத் திறந்தால் கண்மாய்க்கரை தெளிவாகத் தெரிகிறது. நடுவில் தொங்கும் அந்தச் சாம்பல் நிறம் இல்லை. அண்ணன் முக்கால்வாசி அடுக்கிய மூட்டத்தை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டார். ஊரில் ஒரு மூட்டம்கூட இல்லை. காஸ் அடுப்பைப் பரணில் வைத்திருந்தவர்கள் எல்லாம் இறக்கிவிட்டார்கள்.

மதினி குடத்தோடு குழாயிலிருந்து வந்தாள். எங்கேயும் உட்காரவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 27, புதன்

வகுப்புக்கு இடம் போதவில்லை. வராண்டாவில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். "புகையில்லாத வீட்டுக்குத்தான் ஆத்தா வருவா, அந்தக் காலத்துலயே சொல்லி வச்சிருக்காக" என்று கோயில் பூசாரி என்னிடமே சொல்கிறார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சூப்பர் நாகஜோதி. நாங்க மாசக்கணக்கா கத்தியும் நடக்காததை நீங்க நடத்திட்டீங்க. மத்த ஊருக்கும் வந்து இதைச் சொல்லணும்" என்றார். இரண்டு தடவை சூப்பர் என்றார்.

திருவிழா வேலைகளில் நாலைந்து நாளாக மதினிக்குப் பஃப் கொடுக்கப் போகவில்லை. அவளே இழுத்துக்கொள்வாள். அதுதான் நன்றாக இருக்கிறாளே.

மார்ச் 29, வெள்ளி

கோபத்தில் எழுதுகிறேன்.

காலையில் மதினி மஞ்சள் சேலையில், கையில் காப்போடு கோயிலிலிருந்து வந்தாள். தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாளாம். வருகிற புதன் எடுக்கப்போகிறாளாம். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பஃப் எங்க மதினி?"

"ஆத்தா மடியில போட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. கண் சரியானால் கண்மலர், கால் சரியானால் கால் உருவம் வாங்கிப் போடுகிற கோயில் அது. மதினி உருவம் ஏதும் வாங்கவில்லை. பஃப்பையும் பாட்டிலையும் மஞ்சள் துணியில் முடிந்து உருவத் தட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். வைத்து ஆறு நாள் ஆகிறது. இந்த ஆறு நாளும் மருந்து இல்லை.

"மதினி, மூட்டம் இல்ல, தாளிப்பு இல்ல, விறகடுப்பு இல்ல. அதனாலதான் நெஞ்சு லேசா இருக்கு. சீக்கு அப்படியேதான் இருக்கு."

"அதெல்லாம் நிறுத்துனது யாரு? ஆத்தாதான?"

வீட்டுக்கு ஓடி என்னிடம் இருந்த புதுப் பஃப்பை எடுத்து வந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஒப்படைச்சாச்சு சோதி. இன்னொண்ணத் தொட்டா ஒன்னை நம்பலன்னு ஆத்தா மொகத்துக்கு நேரா சொன்ன மாதிரி. நீதான சொன்ன, வருவான்னு. வந்துட்டா."

மார்ச் 30, சனி

பூசாரியிடம் போனேன். கொடுத்ததைத் திரும்ப எடுக்கிற வழக்கம் இல்லை என்றார். தட்டில் பார்த்தேன். வெள்ளிக் கண்களுக்கும் கால்களுக்கும் நடுவில் மதினியுடைய பாட்டில் கிடக்கிறது. அதற்கும் குங்குமம் வைத்திருக்கிறார்கள்.

அண்ணனிடம் போனேன். "பதினஞ்சு வருசத்துல அவ நிமிந்து நடந்து நான் பாக்கல தாயி. நேத்து எனக்கு முன்னாடி நடந்து போனா. அதைக் கெடுத்துராத" என்றார். அண்ணன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "மருந்தை நிறுத்தலாம்னு அவங்களுக்கு யார் சொன்னது?" என்று சத்தம் போட்டார். யாரோ ஊரில் கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்றேன்.

ஏப்ரல் 1, திங்கள்

டாக்டரம்மாவே வந்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. விரலில் மாட்டுகிற மெசினை மதினி விரலில் மாட்டினார். தொண்ணூற்று நாலு காட்டியது. மாசியில் எண்பத்தெட்டுதான் இருந்தது.

"மெசினே சொல்லுதுல்ல" என்றார் அண்ணன்.

புகை இல்லாததால்தான் ஏறியிருக்கிறது, மருந்தும் வேண்டும், சட்டி எடுக்கவே கூடாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். மதினி எல்லாவற்றுக்கும் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றாள். மோர் கொடுத்தாள். ஜீப் தெருமுனை திரும்பியதும் சட்டிக்கு மாவிலை கட்ட நூல் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள்.

நூல் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

ஏப்ரல் 3, புதன்

சட்டி எடுத்தாள்.

புதுப் பஃப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு கூடவே நடந்தேன். மூன்று தெரு. சட்டிக்குள் கருவேலங்கட்டை, வீட்டுக்கு வீடு வந்து ஊற்றுகிற எண்ணெய், மேலே வேப்பிலை. பச்சை இலை கருகினால் எப்படிப் புகையும் என்று சொல்ல வேண்டுமா. காற்று எதிர்க்காற்று. அவ்வளவும் அவள் முகத்தில். முதல் தெருவில் நன்றாகத்தான் நடந்தாள். குடம் தூக்க முடியாதவள் நெருப்பைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று குலவை போட்டார்கள். அண்ணன் முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார். அழுதுகொண்டே தெளித்தார்.

மூன்றாவது தெருவில் அவள் தோள் ஏறி இறங்க ஆரம்பித்தது. "இறக்கி வைங்க மதினி" என்றேன். என்னைப் பார்க்கவே இல்லை.

கோயில் வாசலில் சட்டியை இறக்கினாள். இறக்கியதும் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. உதட்டைக் குவித்து ஊதினாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அச்சு அசலாக. உஸ் உஸ் என்று சத்தம் வந்தது. பார்த்த சனம் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று சொல்லி அவள் காலில் விழுந்தது.

"ஆத்தா, எம் மகளுக்கு எப்ப வரன் அமையும்? சொல்லு தாயே" என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்து உலுக்குகிறாள். ஒருத்தர் முகத்துக்கு நேராகச் சூடம் கொளுத்துகிறார். "மூச்சு முட்டுது, தள்ளுங்க" என்று நான் கத்தினேன். கொட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மதினி பேச வாயெடுத்தாள், வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். வரன் அமையும் என்று ஆத்தா சொல்லிவிட்டதாக அந்தப் பொம்பளை கும்பிட்டுக்கொண்டே போனாள்.

கூட்டத்தை இடித்துத் தள்ளி அவளை வீட்டுக்குக் கூட்டிவர ஒரு மணி நேரம் ஆனது.

ஏப்ரல் 4, வியாழன்

காலையிலிருந்து உட்கார்ந்தபடியே இருக்கிறாள். படுக்க முடியவில்லை. ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் பேசுகிறாள். டாக்டரம்மா என்னிடம் விட்டுப்போன மெசின் எழுபத்தொன்பது காட்டியது. நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பதினொரு மணிக்கு வந்து நின்றது.

அண்ணன் வாசலில் நின்று மறித்தார். நாளைக் காலை மஞ்சள் நீராட்டு முடிந்தால்தான் காப்பு அவிழும். "காப்புக் கையோட எல்லையத் தாண்டுனா அவளுக்கே ஆகாது. ஒருநாள் பொறுங்க தம்பி" என்று டிரைவரிடம் கும்பிட்டார். மதினியும் வரமாட்டேன் என்று தலையாட்டினாள். நோயாளியே வேண்டாம் என்கிறபோது நாங்கள் தூக்கிக்கொண்டு போகமுடியாது என்று ஆக்சிஜனைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணனை அடிக்காத குறையாகப் பேசினேன். பொல்லாத வாய் என்று பெயர் எடுத்தும் ஒரு பிரயோசனமும் இல்லை.

பஃப்பை அவள் வாயருகே கொண்டு போனேன். சின்னப் பிள்ளை மாதிரி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் முகத்தைப் பிடித்துத் திணிக்கப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குக் காப்பு... அவுத்ததும்... இழுக்குறேன் சோதி. சத்தியமா" என்றாள்.

கொஞ்சம் கழித்து, "எத்தனை மணிக்கு... அவுப்பாக?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 5, வெள்ளி

ஏழு மணிக்குப் பூசாரி வீட்டுக்கே வந்து காப்பை அவிழ்த்தார். நூல் தரையில் விழுந்ததும் மதினி கையை நீட்டினாள். சொன்ன சொல் தவறவில்லை. பஃப்பைக் குலுக்கிப் பாட்டிலில் சொருகி வாயில் வைத்தேன். அமுக்கினேன். மருந்து பாட்டிலுக்குள் வெள்ளையாக நின்றது. இழுங்க மதினி, இழுங்க என்றேன். கண்ணை விரித்து என்னைப் பார்த்து, இழுக்கத்தான் பார்த்தாள். மருந்தை இழுக்கவும் மூச்சு வேண்டுமே. அது அவளிடம் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. இந்தத் தடவை அண்ணனே அவளைத் தூக்கி ஏற்றினார். நானும் கூடப் போனேன். பெரியாஸ்பத்திரி போய்ச் சேருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 6, சனி

எடுத்தாயிற்று.

ஏப்ரல் 8, திங்கள்

நேற்றுப் பால் தெளித்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுத்தான். காப்பு அவிழும்வரை ஆத்தா அவளை நிறுத்தி வைத்திருந்தாளாம். சட்டி எடுத்து முடித்த கையோடு கூப்பிட்டுக்கொண்டாளாம். கொடுத்து வைத்தவளாம்.

அண்ணன் மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. இன்று மத்தியானம் கஞ்சி கொண்டு போனேன். சாத்தையா மாமாவும் நாலைந்து பேரும் முற்றத்துப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் கஞ்சியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தாயி, ஒன்னு கேக்குறேன். நீ படிச்சவ, டாக்டரோட பழகுறவ. மறைக்காமச் சொல்லு. வியாழக்கிழமை அந்த வண்டியில ஏத்திவிட்டிருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

எட்டு மாதமாக இந்த ஊரில் யாராவது என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்பார்களா என்று ஏங்கியிருக்கிறேன். பதில் எனக்குத் தெரியும். பிழைத்திருக்கலாம், அண்ணே. ஐப்பசியில் பிழைத்தாளே. ஆனால் அவர் கண்ணைப் பார்த்தேன். அன்றைக்கு வண்டியைத் திருப்பி அனுப்பிய அந்தக் கை இரண்டும் மடியில் கிடந்தது. பரணில் கயிறு இருக்கிற வீடு. நான் என்ன கல்லா?

"இல்லண்ணே. ஆஸ்பத்திரியில ஒன்னும் செஞ்சிருக்க முடியாது. மருந்தெல்லாம் சும்மா பேருக்குத்தான். ஆத்தா கூப்பிட்டுட்டா, மதினி போய்ட்டாக."

அண்ணன் தலையை ஆட்டினார். கஞ்சியை எடுத்துக் குடித்தார்.

ஏப்ரல் 10, புதன்

இன்று வகுப்பு நாள். கூடத்தைத் திறக்கவில்லை. ஊருக்குத் தெற்கே இரண்டு மூட்டம் புகைய ஆரம்பித்துவிட்டது.

பத்து மணி இருக்கும். முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் மொட்டைத் தலையோடு அவர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். எழுந்து நடமாட ஆரம்பித்திருக்கிறார், அந்த மட்டும் நிம்மதி. சாத்தையா மாமா தெருவிலிருந்து வந்தார். கையில் பஃப், பாட்டில்.

"இந்தாத்தா. வச்சுக்க."

"என்ன மாமா இது?"

"அதான் நீயே சொல்லிட்டியே, எல்லாம் பேருக்குத்தான்னு. நீ பொய் சொல்ற ஆளா? பூமயிலுக்குக் கெடச்ச சாவு யாருக்குக் கெடைக்கும். இதை இழுத்துக்கிட்டு, ஆத்தா கூப்புடுறப்ப எதுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு."

"மாமா" என்றேன். அண்ணன் பல் விளக்குவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மருந்துதான் உங்களை எழுந்து நடக்க வைத்தது மாமா என்று சொல்ல வேண்டும். மதினிக்கும் இதுதான் வேண்டியிருந்தது என்று சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் பத்தடி தள்ளி அண்ணன் காதில் விழும்.

மாமா பாட்டிலைத் துவைக்கிற கல்மேல் வைத்தார். "வாரேன் சோணை" என்று அண்ணனுக்குக் குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். எங்கள் வீட்டிலிருந்து தெருமுனை எவ்வளவு தூரம், ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நின்றார். பிறகு தெருவோரம் நின்ற டிராக்டர் மேல் சாய்ந்து ஒருமுறை நின்றார். அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

பஃப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணன் உள்ளே போனதும் ஓடிப்போய் மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அண்ணன் உள்ளே போகவில்லை.